பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளவும்

விலை: பூஜ்யம்.

கம்ப்யூட்டர் திரையின் மூலையில் அப்படித்தான் போட்டிருந்தது. எவனோ ஒருவன் மாதக்கணக்கில் தனியாக உட்கார்ந்து, கழுத்து விறைக்க விறைக்கச் செய்த இசை. தட்டு நிறையத் தங்கம் வைத்தாலும் சொல்லிச் செய்விக்க முடியாத சரக்கு. அதற்கு விலை பூஜ்யம். கீழே ஒரே ஒரு நிபந்தனை: ‘யாரும் கேட்கலாம், எடுத்துக்கொள்ளலாம், வெட்டலாம், ஒட்டலாம். யாருடையது என்று பெயர் மட்டும் சொல்லிவிடுங்கள்.’

துப்பறிவாளர் முழக்கோல் அந்த வரியைத் துணி வாங்க வந்தவர் விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பதுபோல் படித்தார். பரம்பரைத் துணி வியாபாரக் குடும்பம். ஆளும் அளக்கிற கோல்போலவே உயரமாக, ஒல்லியாக வளர்ந்ததால் சிறுவயதிலேயே ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவருடைய அப்பா கடையில் சும்மா கொடுக்கிற பழக்கமே கிடையாது. இலவசக் காலண்டரில்கூடக் கடைப்பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். தேதிக்குத்தான் பூதக்கண்ணாடி வேண்டும்.

“இலவசம்னா எங்கேயாவது ஒரு கொக்கி இருக்கணும்,” என்றார்.

“இருக்கே சார். ஒண்ணு கேட்டா அடுத்ததும் கேக்கத் தோணுது. அதுதான் கொக்கி,” என்றாள் உதவியாளர் சில்லறை.

நாற்பதைத் தாண்டிய பெண். முன்பு பெரிய கடையொன்றில் பணம் வாங்கிப் போடும் மேஜையில் இருந்தவள். மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடு என்று முதலாளி சொன்னபோது, “அப்ப என் சம்பளத்தையும் மிட்டாயாவே குடுத்துடுவீங்களா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டு, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். முழக்கோல் அன்று வரிசையில் மூன்றாவதாக நின்றிருந்தார். மறுநாளே வேலைக்கு வைத்துக்கொண்டார்.

வழக்கு இதுதான். சலவைக் கடை நடத்தும் அக்கா ஒருத்தி. எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட உரிமையுள்ள ஒரே தம்பி மட்டும் கூப்பிடுவதில்லை. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு பையோடு வெளியே போனவன், போனவன்தான். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா கடையைக் காலி செய்துவிட்டு, கடல் கடந்து மகள் வீட்டோடு போகப் போகிறாள். இந்த வார இறுதியில் சாவியை ஒப்படைக்க வேண்டும்.

“அவனுக்குத் தெரிஞ்ச விலாசம் இந்தக் கடை ஒண்ணுதான் சார்,” என்று அவள் சொல்லியிருந்தாள். “நான் இங்கிருந்து போயிட்டா, அவன் திரும்பி வந்தாலும் பூட்டின கதவைத்தான் பார்ப்பான். அதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சுக் குடுங்க.”

கடையை விட்டு அவளால் நகர முடியாததால் இவர்கள்தான் போயிருந்தார்கள். கதவைத் தள்ளியதும் மேலே கட்டியிருந்த மணி கணீரென்று ஒரு தரம் அடித்து, இரண்டாவது தரத்துக்குத் தொண்டை கட்டி நின்றது. “ஒண்ணரை மணி அடிக்குது, சாப்பாட்டு நேரமா அக்கா?” என்று சில்லறை கேட்டாள். அக்கா சிரிக்கவில்லை. பின்கட்டில், ஆவி மூட்டத்துக்குள், ஓர் இஸ்திரிக்காரர் இருந்தார். அவர் இருக்கிறார் என்பதற்கு ஆவி ஒன்றுதான் சாட்சி.

கடையில் சினிமாப் பாட்டுப் போட்டால் கட்டணம் கேட்டு ஆள் வருகிறார்களாம். அதனால் ‘திறந்த கதவு’ என்ற தளத்திலிருந்து இலவச ஆல்பங்களைப் போட ஆரம்பித்திருக்கிறாள். இஸ்திரிக்காரர்தான் அந்தத் தளத்தைக் காட்டி, ‘யாரோ’ என்ற பெயரில் ஒருவர் வெளியிட்ட மழை ஆல்பத்தைப் போட்டுக் கொடுத்தாராம். பிடித்துப்போய், அதே ஆளின் வேறு ஆல்பங்களை அவளே தேடியிருக்கிறாள். ‘காத்திருக்கும் அறை’ என்ற ஆல்பம். அதில் ஐந்தாவது இசைத் துண்டில் ஒரு விசில்.

“நானும் தம்பியும் சின்ன வயசுல ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுற விசில் சார் அது. நாங்களே உண்டாக்கினது. உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும்.”

உடனே அந்தப் பக்கத்தின் கருத்துப் பெட்டியில் எழுதியிருக்கிறாள்: ‘தம்பி, நீதானா? – அக்கா.’ மறுநாள் காலையில் பார்த்தால் கருத்துப் பெட்டியே மூடிக் கிடந்தது.

“உயிரோட இருக்கான். நான் எழுதினதைப் பார்த்திருக்கான். பார்த்துட்டுக் கதவைச் சாத்திட்டான்,” என்றாள் அக்கா. குரல் ஆடவில்லை. கையிலிருந்த சட்டையைத்தான் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

*

‘திறந்த கதவு’ தளத்துக்குள் போன முழக்கோல், வேலை முடிந்த பிறகும் வெளியே வரவில்லை என்பதுதான் உண்மை.

அப்படியொரு கடைத்தெருவை அவர் கண்டதில்லை. வரிசை வரிசையாகக் கடைகள், எல்லாம் திறந்து கிடக்கின்றன, கல்லாவில் ஆளில்லை, வாடிக்கையாளரும் இல்லை. வேலை முடிந்து வந்த நர்ஸ் ஒருத்தி தன் சமையலறையில் பாடிய ஆல்பம். இடையில் குக்கர் விசிலடிக்கிறது, அவள் நிறுத்தவில்லை. லாரி ஓட்டுநர் ஒருவர் வண்டியின் பின்பெட்டிக்குள் உட்கார்ந்து வாசித்த புல்லாங்குழல். விவாகரத்தான ஒரு கணக்கு வாத்தியார் மவுத் ஆர்கனில் போட்ட பத்துத் துண்டுகள். பத்துக்கும் தலைப்பு ‘ஞாயிறு மதியம்’. அதைக் கேட்டவர்கள் எண்ணிக்கை இரண்டு என்று காட்டியது. ஒன்று வாத்தியார். இன்னொன்று தான் என்று முழக்கோலுக்குத் தெரிந்தது.

அவர் அறையில் ஒரு நாற்காலி, ஒரு கோப்பை. இரண்டாவது கோப்பை வாங்கும் சந்தர்ப்பம் வரவில்லை. வாத்தியாரின் ஞாயிறு மதியம் தன்னுடையதைப்போலவே இருக்கிறது என்று நினைத்தார். அதைச் சில்லறையிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் மீதி கொடுப்பாள்.

“இந்த ‘யாரோ’வைப் பாருங்க சார்,” என்று அவள் திரையைத் தட்டினாள். “பேரைப் போடுங்க பேரைப் போடுங்கன்னு கெஞ்சுறாரு. வச்சிருக்கிற பேரு ‘யாரோ’. இதுக்குப் போடாமலே விட்டுடலாம்.”

“அடியில பாத்தியா? கடன் பட்டியல்.”

ஒவ்வோர் ஆல்பத்தின் அடியிலும் அது இருந்தது. பிறர் இலவசமாகப் பதிந்து வைத்த சத்தங்களையும் ‘யாரோ’ எடுத்துச் சேர்த்திருந்தார். எடுத்த ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லியிருந்தார். மழையைப் பதிந்தவர் இன்னார். ரயில் கதவைப் பதிந்தவர் இன்னார். பூனை குறட்டை விட்டதற்குக்கூடப் பூனைக்குச் சொந்தக்காரர் பெயர் இருந்தது.

“ஊரான் பூனைக்கெல்லாம் பேர் போட்டவன், அந்த விசிலுக்கு மட்டும் யார் பேரும் போடல,” என்றார் முழக்கோல். “அப்படின்னா?”

“சொந்தச் சரக்கு. தன் வாய், தன் விசில்.”

“அப்ப தம்பிதான். ஆனா கூப்பிட்டா வரமாட்டான். அக்கா கூப்பிட்டே வரல.” முழக்கோல் கண்ணை மூடினார். “எங்கப்பா கடையில ஒரு தந்திரம் உண்டு. எதிர்க்கடைக்காரன் துணியை எந்த மில்லுல எடுக்கறான்னு தெரியணும்னா நேராக் கேக்கக்கூடாது. ‘அது எங்க கடைத் துணி மாதிரி இருக்கே’ன்னு சொல்லணும். ரோஷத்துல மில்லு பேரு, பேல் நம்பர், வண்டிக்காரன் பேரு வரைக்கும் அவனே கொட்டிடுவான்.”

“திருடச் சொல்றீங்க.”

“ரெண்டு நாளைக்கு. அப்புறம் திருப்பிக் குடுத்துடலாம்.”

அன்று மாலையே ஒரு சோப்பு விளம்பரம் தயாரானது. அலுவலகத்து முகம் கழுவும் தொட்டி, தேய்ந்துபோன ஒரு சோப்பு, அதை ஏதோ வைரம்போல் ஏந்தி நிற்கும் சில்லறை. பின்னணியில் ‘காத்திருக்கும் அறை’யின் ஐந்தாவது துண்டு. முடிவில் பெரிய எழுத்தில்: இசை – சில்லறை.

“எங்க அத்தை பாத்தா நம்பிடுவாங்க சார். சின்ன வயசுலேருந்து எனக்கு இசை ஞானம் இருக்குன்னு சொல்லிட்டே இருப்பாங்க.”

“பாடிக் காட்டியிருக்கியா?”

“இல்ல. அதனாலதான் சொல்றாங்க.”

*

மறுநாள் காலையிலேயே மீன் கடித்தது.

‘வணக்கம். உங்கள் விளம்பரத்தில் வரும் இசை நான் செய்தது. தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் வேறொருவர் பெயர் போட்டிருக்கிறது. தயவுசெய்து மாற்றிவிடுங்கள். – யாரோ.’

“அக்கா கூப்பிட்டா பெட்டியை மூடுவாரு. சோப்புக்காரி பேரை மாத்தினா ஓடி வருவாரு,” என்றாள் சில்லறை. “நல்ல தம்பி!”

முழக்கோல் பதில் தட்டினார்: ‘அது எங்கள் வீட்டு இசை. உங்களுடையது என்பதற்கு அத்தாட்சி என்ன?’

ஒரு காபி நேரம் கழிந்தது. பிறகு ஒரு பொட்டலம்போல் ஒலிக் கோப்புகள் வந்து விழுந்தன. கூடவே கடிதம்.

‘முடிந்த இசை யாரிடமும் இருக்கலாம். அதைச் செய்தவனிடம்தான் இப்படித் தனித்தனியாக இருக்கும். கீபோர்டு தனி, தாளம் தனி, அறைச் சத்தம் தனி. கேட்டுப் பாருங்கள். விசிலை மட்டும் அனுப்பவில்லை. அது என்னுடையதல்ல. என்னுடையதல்லாத ஒன்றுக்கு நான் அத்தாட்சி காட்டக் கூடாது.’

சில்லறை கடைசி வரியை இரண்டாம் தரம் வாய்விட்டுப் படித்தாள். “விசில் இவரோடது இல்லையா? அப்ப இவரு தம்பி இல்லையா சார்?”

“இல்ல.”

“அப்ப நாம ரெண்டு நாளா யாரைத் துரத்தறோம்?”

கட்டிவைத்த துணிப் பேலைப் பிரித்தால் உள்ளே வேறு துணி இருந்த கதை. தப்பு தன்னுடையது என்பதும் முழக்கோலுக்குத் தெரிந்தது. பெயர் போடாதது சொந்தச் சரக்கு என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பூனைக்குப் பெயர் போடுகிற யோக்கியன் ஒன்றுக்கு மட்டும் போடவில்லை என்றால், இன்னொரு காரணமும் இருக்கலாமே. போட்டால் மாட்டிக்கொள்வான்.

“அந்த அறைச் சத்தத்தைப் போடு.”

ஆல்பத்தில் அந்தச் சத்தத்தை இழுத்து நீட்டி, கடலலை மாதிரி ஆக்கியிருந்தார் ‘யாரோ’. இரண்டு பேரும் அதைக் கடல் என்றே நம்பியிருந்தார்கள். இப்போது நீட்டாமல், பச்சையாக ஓடியது.

புஸ்ஸ். ஓர் இடைவெளி. மறுபடி புஸ்ஸ். ஏதோ இரும்புக் கம்பியில் கொக்கிகள் சறுக்கும் கிறீச். புஸ்ஸ்.

“பாம்பு வளக்கறாரா?” என்றாள் சில்லறை.

“ஈரத் துணி மேல சூடான இஸ்திரிப் பெட்டி. எங்க கடையில விடியறதுக்கு முன்னாடி இந்தச் சத்தம் கேக்கும்.” முழக்கோல் ஒலிபெருக்கியருகே குனிந்தார். “இஸ்திரி போடற இடம். ஆனா ஊருல அப்படி எத்தனையோ–”

கணீர். பிறகு, தொண்டை கட்டிய ஒரு ‘ணங்’.

சில்லறை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். “சார்! ஒண்ணரை மணி!”

அக்காவின் சலவைக் கடை மணியேதான். முழக்கோல் போனை எடுத்தார்.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்களும் தம்பியும் ஒரே விசிலா, இல்ல ஆளுக்கொண்ணா?”

“ஆளுக்குப் பாதி சார்,” என்றது அக்காவின் குரல். “கூப்பிடறது ஒரு பாதி. பதில் சொல்றது ஒரு பாதி.”

“ஆல்பத்துல வர்றது எந்தப் பாதி?”

“கூப்பிடற பாதி. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல, சும்மா விட்டிருக்கான்.”

“சின்ன வயசுல கூப்பிட்டது யாரு? பதில் சொன்னது யாரு?”

“நான்தான் கூப்பிடுவேன். விளையாடப் போனா வீட்டுக்கே வரமாட்டான். நான் வாசல்ல நின்னு கூப்பிட்டா எங்கேயோ இருந்து பதில் வரும். ஏன் சார் கேக்கறீங்க?”

“நேர்ல வந்து சொல்றேன்,” என்று போனை வைத்தார்.

சில்லறை அவருடைய மேலங்கியை எடுத்துக் கொடுத்தாள். எந்தக் கேலியும் சொல்லவில்லை. அவளும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டாள் என்று அதிலிருந்தே தெரிந்தது.

*

சாப்பாட்டு நேரம் தாண்டிய தெரு தூங்கி வழிந்தது. சலவைக் கடையின் கண்ணாடியில் ‘கடை காலி செய்யப்படுகிறது’ என்று எழுதி ஒட்டியிருந்தது. முழக்கோல் கதவைத் தள்ளவில்லை. ஓரமாக நின்றார். சில்லறையும் நின்றாள்.

உள்ளே, முன்கட்டில், அக்கா மட்டும். எடுக்க ஆள் வராத துணிகளைக் கம்பியிலிருந்து இறக்கி, தட்டி, மடித்து, காகிதம் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தைச் சட்டையை எடுத்தாள். அதன் காலரைச் சரிசெய்தாள். அப்போது அவள் உதடு குவிந்தது.

மெல்லிய விசில். ஏறி, ஒரு கணம் நின்று, கேள்விபோல் தொங்கியது. அவ்வளவுதான். அவள் தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது, காது கொடுப்பதுபோல. பிறகு அடுத்த துணியை எடுத்தாள். தான் செய்தது தனக்கே தெரியாத முகம்.

“சார்,” என்றாள் சில்லறை, மூச்சுக்குரலில். “இதைப் போய் எப்படிச் சொல்லப் போறீங்க?”

முழக்கோல் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கெட்ட சேதி சொன்னவர். உன் கூட்டாளி திருடன், உன் புருஷன் பொய்யன் என்றெல்லாம். நீ கேட்டது உன் குரலைத்தான் என்று யாரிடமும் சொன்னதில்லை.

கதவைத் தள்ளினார். மணி ஒன்றரை அடித்தது.

“வாங்க சார். கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“இசை போட்ட ஆளைக் கண்டுபிடிச்சிட்டேன். தம்பியை இல்ல.” அவர் பின்கட்டுப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். “ஐயா! சோப்பு விளம்பரத்துல பேரை மாத்திட்டோம். கொஞ்சம் வெளியே வர்றீங்களா?”

புஸ்ஸென்ற சத்தம் பாதியில் நின்றது. ஆவிக்குள்ளிருந்து இஸ்திரிக்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கை இரண்டும் சிவந்திருந்தன. அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

“நீங்கதான் ‘யாரோ’வா?” என்றாள் சில்லறை. “எங்களைக் கடல்னு நம்ப வச்சிட்டீங்களே!”

அக்காவுக்குப் புரியவில்லை. இஸ்திரிக்காரரைப் பார்த்தாள், முழக்கோலைப் பார்த்தாள். “இவரா? இவருக்கு எப்படி எங்க விசில் தெரியும்?”

முழக்கோல் சொல்ல வாயெடுப்பதற்குள் இஸ்திரிக்காரரே சொன்னார்.

“நீங்க ஊதறதுதாங்க அது. தினமும் ஊதுவீங்க. கடையில ஆளில்லாதப்போ.”

“நானா?”

“உங்களுக்குத் தெரியாது. இஸ்திரிப் பெட்டிச் சத்தம் பதியறதுக்காகப் பரண் மேல ஒரு கருவி வச்சிருந்தேன். வீட்டுக்குப் போய்க் கேட்டா, நடுவுல உங்க விசில். எடுத்துடலாம்னு பாத்தேன். எடுத்தா அந்தத் துண்டுல உயிரே இல்ல.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?”

“கேட்டா நிறுத்திடுவீங்க.”

அக்கா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். குழந்தைச் சட்டை மடியில் கிடந்தது.

“நான் எழுதினேனே. தம்பி நீதானான்னு. அதைப் படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“படிச்சுட்டு மறுநாள் வேலைக்கு வந்தீங்க. அந்த மூலையில நின்னு இஸ்திரி போட்டீங்க. நான் இங்க நின்னு, அவன் உயிரோட இருக்கான் உயிரோட இருக்கான்னு...” குரல் அங்கே உடைந்தது. “ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க.” அவர் சிவந்த கைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக்கொண்டார். “என் வேலையில பேச்சே வேணாம். பழகிப்போச்சு. தப்புதான். கருத்துப் பெட்டியை மூடினது அதைவிடத் தப்பு.”

“ஆமா, தப்புதான்,” என்றாள் அக்கா. மன்னிப்பெல்லாம் அதில் இல்லை.

தெருவில் ஒரு வண்டி போனது. சில்லறை எதையும் பார்க்காமல் ஹேங்கர்களை ஒரே பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப இத்தனை நாளும் நான் என்னையே கேட்டுட்டு உக்காந்திருந்திருக்கேன்,” என்றாள் அக்கா கடைசியில். சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது. “நல்ல கூத்து.”

முழக்கோலுக்கு ஆறுதல் சொல்ல வராது. அதனால் விஷயத்தைச் சொன்னார். “தம்பி இருக்காரா இல்லையான்னு இதிலேருந்து எதுவும் தெரியாது அக்கா. இதுவரைக்கும் இருந்த மாதிரிதான். வார இறுதிக்குள்ள என்னால முடியும்னு பொய் சொல்ல மாட்டேன்.”

அக்கா எழுந்தாள். கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கே நின்றதும் ஆளே கொஞ்சம் மாறினாள். கடை நடத்துகிறவளின் முதுகெலும்பு திரும்பி வந்தது.

“அந்த நிபந்தனை எப்படி? எடுக்கறவங்க எல்லாரும் பேர் போட்டே ஆகணுமா?” என்று இஸ்திரிக்காரரைக் கேட்டாள்.

“ஆகணும்ங்க.”

“வேற நாட்டுக்காரன் எடுத்தா?”

“எவன் எடுத்தாலும். அவன்கிட்டேருந்து இன்னொருத்தன் எடுத்தாலும் பேர் கூடவே போகணும்.”

“உங்க பேரு மட்டுமா? விசில் அடிச்சவ பேரும் சேத்தா?”

“சேத்துதாங்க. அதை நான் போடாம விட்டது...”

“இப்பப் போடுங்க.” கல்லா மேல் விரலால் தட்டினாள். “கடை விலாசம் ஒரு தெருவுல கிடக்கும். இது எடுத்தவன் கூடவெல்லாம் போகும். இல்லையா சார்?”

முழக்கோல் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். காணாமல் போனவரைத் தேடும் அறிவிப்பு. ஒட்டுகிறவனுக்குக் கூலி கிடையாது, கிழிக்கிறவனுக்கு அனுமதி கிடையாது. எடுத்தவனெல்லாம் தூக்கிக்கொண்டு போகவேண்டிய கட்டாயம். தொழிலுக்கு வந்த இத்தனை வருஷத்தில் இது அவருக்குத் தோன்றியதில்லை.

“என்ன பேர் போடட்டும்ங்க?” என்றார் இஸ்திரிக்காரர்.

“மூட்டையக்கா.”

சில்லறை திரும்பிப் பார்த்தாள்.

“துணி மூட்டை தூக்கிட்டே திரிவேன். அவன் வச்ச பேரு. வேற யாரும் கூப்பிட்டதில்ல. கூப்பிட விட்டதும் இல்ல.” அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “மறுபாதி தெரிஞ்சவங்க சேத்துக்கலாம்னு கீழ எழுதுங்க. அப்புறம் அந்தக் கருத்துப் பெட்டியைத் திறந்து வைங்க. நான் ஊரைவிட்டுப் போனாலும் நீங்க பாக்கணும். தினமும் பாக்கணும்.”

“பாக்கறேன்.”

“அந்த மறுபாதியை எங்களுக்கு ஊதிக் காட்டுங்க அக்கா,” என்றாள் சில்லறை. “வந்தா நாங்களும் அடையாளம் கண்டுக்குவோம்.”

“மாட்டேன்.” அக்கா கல்லாவிலிருந்து ஒரு டோக்கனை எடுத்து, நடுவில் கிழித்துக் காட்டினாள். “இங்க இதுதான் வழக்கம். ஒரு பாதி துணியில குத்திடுவோம். மறுபாதி துணி குடுத்தவர் கையில. கிழிச்ச ஓரம் பொருந்தினாத்தான் துணி. மறுபாதி எப்படியிருக்கும்னு நான் ஊருக்கே காட்டிட்டா, வர்றவனெல்லாம் தம்பிதான்னு ஆயிடும்.”

வெளியே வந்து நடந்தார்கள். திருப்பத்தில் சில்லறை சொன்னாள்:

“நமக்கு முன்னாடியே அக்கா துப்பறிய வந்திருந்தா, நாம சோப்புதான் வித்திருக்கணும் சார்.”

“கூலி எவ்வளவு கேக்கலாம்?”

“அக்கா கேட்டது தம்பியை. நாம குடுத்தது இஸ்திரிக்காரரை. சரக்கு மாறிப்போச்சு. கேக்க வேணாம் சார்.”

முழக்கோல் தலையாட்டினார்.

*

ஞாயிறு மதியம். அக்கா சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறி ஒரு வாரம் ஆகிவிட்டது. சில்லறை அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். முழக்கோல் தன் ஒற்றை நாற்காலியில், ஒற்றைக் கோப்பையோடு உட்கார்ந்து ‘காத்திருக்கும் அறை’யின் பக்கத்தைத் திறந்தார். ஐந்தாவது துண்டை ஓடவிட்டார். விசில் ஏறி, நின்று, கேள்வியாகத் தொங்கியது. அதன்பின் அந்த வெற்றிடம். அதை ‘யாரோ’ இப்போது முன்னைவிட நீளமாக்கியிருந்தார், வருகிறவருக்கு இடம் விட்டதுபோல.

அடியில் கடன் பட்டியல் சரியாக இருந்தது. மழைக்கு, ரயில் கதவுக்கு, பூனைக்கு, கடைசியில்: ‘விசில் – மூட்டையக்கா. மறுபாதி தெரிந்தவர் சேர்த்துக்கொள்ளலாம்.’ கருத்துப் பெட்டி திறந்திருந்தது.

பழக்கதோஷத்தில் கணக்குப் பார்த்தார். கேட்டவர்கள்: இருநூற்றுப் பதினொன்று. எடுத்துத் தங்கள் வேலையில் பயன்படுத்தியவர்கள்: ஒன்பது, அதில் நாலு பேர் பெயர் தெரியாத ஊர்களில். மூட்டையக்கா பெயரைப் போட்டவர்கள்: ஒன்பது. போடாதவர்கள்: இல்லை.

பதில் விசில்: பாக்கி.